ஸ்பெயின் நாட்டு வாதுமைப் பாகு

ஐரோப்பாக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில் அமைந்தது ஸ்பெயின் நாடு. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில், மத்தியதரைக் கடலை நோக்கியவாறு, அலிகாந்தே என்னும் துறைமுக நகரம் இருக்கின்றது. அந்நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால், மலைச்சரிவில் வீடுகள் அடுக்கடுக்காக அமைந்த ஊர் ஒன்றைக் காணலாம். அதன் பெயர் ஹிஹோனா. இலையுதிர் காலம் பிறந்துவிட்டால் அவ்வூரில் வறுத்த வாதுமையின் மணமும் காய்ச்சிய தேனின் மணமும் கலந்து வீசும். கிறிஸ்து பிறந்தநாள் விழாவில் ஸ்பெயின் நாட்டார் விரும்பி உண்ணும் ‘துரோன்’ என்னும் தின்பண்டம் பெரும்பாலும் அவ்வூர்ப் பகுதியிலிருந்தே நாடெங்கும் செல்கின்றது.

துரோன் என்பது தேன், சர்க்கரை, முட்டையின் வெண்கரு, வாதுமைப் பருப்பு ஆகிய நான்கு பொருள்களால் ஆவது. வாதுமையைப் பாதாம் என்றும் வழங்குவர். மரபு முறைத் துரோனுக்கு இந்நான்குமே போதும். பொருள்கள் எளியன, செய்முறையோ எளிதன்று. தேன் சற்றுக் குறைவாகக் காய்ந்தால், பண்டம் இறுகாமல் பிசின்போல் ஒட்டும். சற்று மிகுதியாகக் காய்ந்தால், கருகிக் கசக்கும். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட பதத்தை அறிந்து நிறுத்துவதே துரோன் செய்வாருடைய திறமையாகும்.

துரோனில் பல வகைகள் உண்டெனினும், பழம்புகழ் வாய்ந்தவை இரண்டு. ஒன்று அலிகாந்தேத் துரோன். அதில் வெண்ணிறப் பாகினுள் முழுப் பருப்புகள் பதிந்திருக்கும். அது கல்போல் இறுகியது. கனத்த கத்தியால் உடைத்தே உண்ணத் தக்கது. மற்றொன்று ஹிஹோனாத் துரோன். அதே நான்கு பொருள்களைக் கொண்டு செய்து, பின்னர் அரைத்துக் குழைத்து எடுக்கப்பெறுவது. அஃது இளம் பழுப்பு நிறமும் எண்ணெய்ப் பசையும் உடையது. வாயில் இட்ட அளவிலே கரைவது. முன்னதை வன்துரோன் என்றும், பின்னதை மென்துரோன் என்றும் கூறலாம்.

டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் இரவை ஸ்பானிய மக்கள் ‘நல்லிரவு’ என்று பொருள்படும் பெயரால் வழங்குவர். வேலையின் பொருட்டு வெளியூர்களில் வாழ்வோர் அன்று தம் பிறந்தகம் வந்து சேர்வர். முதியோரும் இளையோரும் ஒரே மேசையைச் சூழ்ந்து உணவு கொள்வர். உணவு முடிந்த பின்னர், தட்டு ஒன்றில் துரோன் துண்டுகளை அடுக்கி நடுவில் வைப்பர். உரையாடலும் பாட்டும் நள்ளிரவு கடந்தும் நிகழும். கைகள் தட்டினை நாடிக்கொண்டே இருக்கும். ஜனவரித் திங்கள் 6ஆம் நாளாகிய மூவரசர் திருநாள் வரையில் விருந்தினர் எவர் வரினும் இப்பண்டம் இட்டு உபசரிப்பது அந்நாட்டு வழக்கம்.

இப்பண்டத்தின் தோற்றம் மிகப் பழமையானது. அரபியரும் பெர்பெர் இனத்தாரும் கி.பி. 711ஆம் ஆண்டில் ஸ்பெயினுட் புகுந்தனர். அந்நாட்டின் பெரும் பகுதியை முஸ்லிம் மன்னர் பல நூற்றாண்டுகள் ஆண்டனர். அவர்தம் இறுதி அரசாகிய கிரனாதா 1492ஆம் ஆண்டில் வீழ்ந்தது. தேனும் பருப்பும் கலந்து செய்யும் இனிப்புகள் அரபு நாடுகளில் தொன்றுதொட்டு வழங்குவன ஆதலின், துரோனும் அவர்கள் வழியே வந்திருத்தல் கூடும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

ஹிஹோனா மக்கள் கூறும் கதையோ வேறு. முன்னொரு காலத்தில் அப்பகுதியை ஆண்ட முஸ்லிம் மன்னன் ஒருவன், வட ஐரோப்பாவின் பனிநாட்டு இளவரசி ஒருத்தியை மணந்தானாம். வெண்பனி போர்த்த தன் தாய்நாட்டை நினைந்து அவள் நாளும் வாடினாள். அவள் துயரைக் கண்ட மன்னன், கோட்டையைச் சூழ்ந்த குன்றுகள் எங்கும் வாதுமை மரங்களை நடச் செய்தான். மரங்கள் வளர்ந்து ஒருங்கே பூத்தபோது, குன்றுகள் யாவும் பனி பெய்தாற்போல் வெண்மையாகக் காட்சியளித்தன. அது கண்டு அரசி மகிழ்ந்தாள். அம்மரங்களின் பருப்பைக் கொண்டு ஊரார் இனிப்புச் செய்யக் கற்றனர் என்று கதை முடிகின்றது. இது வரலாறு அன்று, கட்டுக்கதையே. எனினும் அவ்வூரின் வாழ்வு வாதுமை மரத்தோடு எத்துணைப் பிணைந்தது என்பதை அது நன்கு காட்டுகின்றது.

அலிகாந்தேப் பகுதியின் குன்றுகள் மழை குறைந்தவை, கல் மிகுந்தவை. ஆயினும் வாதுமை மரம் அந்நிலத்திலும் வேரூன்றி வாழ வல்லது. ஜனவரி, பிப்ரவரித் திங்கள்களில் இலை தளிர்க்கும் முன்னரே அது பூத்துக் குலுங்கும். ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் காய்கள் முற்றி வெடிக்கும். அப்போது மரத்தடியில் துணி விரித்து, நீண்ட கோல்களால் கிளைகளைத் தட்டிக் காய்களை உதிர்ப்பது பழைய முறை. ‘மார்கோனா’ என்னும் வாதுமை வகை துரோனுக்கு மிகவும் ஏற்றது. அதன் பருப்பு உருண்டு திரண்டு, இனிமையும் எண்ணெயும் மிக்கதாய் இருக்கும். அக்குன்றுகளில் ரோஸ்மேரி என்னும் நறுமணப் புதர்ச்செடியும் தானே வளர்கின்றது. அதன் சிறு பூக்களில் தேனீக்கள் மொய்த்துத் தேன் சேர்க்கும். மலைகள் ஈந்த பருப்பையும் தேனையும் கொண்டே அவ்வூரார் தமக்கென ஒரு தொழிலை அமைத்துக்கொண்டனர்.

அத்தொழில் ஆண்டு முழுவதும் நிகழ்வதன்று. கிறிஸ்துமசுக்கு முந்திய சில திங்கள்களே அதற்குரிய பருவம். எனவே, ஹிஹோனா மக்கள் கோடைக்கு வேறொரு தொழிலையும் கற்றனர். அருகிலுள்ள உயர்ந்த மலைகளில் குளிர்காலத்தில் விழும் பனியைக் கிணறுகளில் திணித்துச் சேமித்து வைப்பது பழங்கால வழக்கம். அப்பனியைக் கொண்டு குளிர்பானமும் பனிக்கூழும் செய்து விற்கும் தொழில் அங்கு வளர்ந்தது. குளிர்காலத்தில் துரோனும் கோடையில் பனிக்கூழும் விற்கும்பொருட்டு அவ்வூர்க் குடும்பங்கள் பல நகரங்களுக்கும் சென்றன. அங்ஙனம் சென்றவருள் லூயிஸ் மிரா என்பவர் ஒருவர். அவர் 1842ஆம் ஆண்டில் நாட்டின் தலைநகராகிய மாட்ரிடில் நிறுவிய துரோன் கடை பெரும்புகழ் பெற்றது.

கடையில் வாங்குவோரே பலராயினும், வீட்டிலேயே துரோன் செய்வோரும் உளர். அவர்கள் மேற்கொள்ளும் முறை வருமாறு: வன்துரோனுக்கு வாதுமைப் பருப்பு 500 கிராம், தேன் 200 கிராம், சர்க்கரை 100 கிராம், ஒரு முட்டையின் வெண்கரு ஆகியவற்றை எடுத்துக்கொள்வர். முதலில், கொதிநீரில் பருப்பை ஒரு நிமிடம் இட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுவர். இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் தோல் தானே கழன்றுவிடும். தோல் நீக்கிய பருப்பை ஈரம் புலரும்படி துணியில் பரப்பி உலர்த்துவர். பின்னர் அடுப்பில் இளஞ்சூட்டில் வைத்துப் பொன்னிறம் தோன்றும்வரை வறுப்பர். வறுத்த பருப்பு ஆறிவிடாதவாறு மூடி வைத்தல் வேண்டும். குளிர்ந்த பருப்பைச் சுடுபாகில் இட்டால், பாகு திடுமென இறுகிச் சரிவரக் கலவாது.

அடுத்து, அடி கனத்த அகன்ற பாத்திரத்தில் தேனையும் சர்க்கரையையும் இட்டுச் சிறு தீயில் காய்ச்சுவர். தேன் காயுங்கால் நுரைத்துப் பொங்கும். ஆதலின் பாத்திரம் பெரிதாக இருத்தல் வேண்டும். தேனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர் உள்ளது. நீர் 100 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் கொதித்து ஆவியாகும். தேனிலுள்ள நீர் ஆவியாகக் குறையக் குறையப் பாகின் வெப்பம் 100 டிகிரியைக் கடந்து உயர்ந்துகொண்டே செல்லும். எனவே, வெப்பம் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு நீர் வற்றியது என்று கொள்ளலாம். எஞ்சிய நீர் மிகுதியாயின் பாகு ஆறியபின் மென்மையாகும். மிகக் குறைவாயின் கடினமாகும். வன்துரோனுக்கு வெப்பம் 140 முதல் 150 டிகிரி வரை உயர்தல் வேண்டும்.

பாகு காயும்பொழுதே மற்றொருவர் முட்டையின் வெண்கருவைக் கிண்ணத்தில் இட்டு அடிப்பர். அது நுரைத்துப் பெருகி, கிண்ணத்தைச் சாய்த்தாலும் வழியாத நிலையை அடையும். பாகு கெட்டியாகத் தொடங்கியதும் பாத்திரத்தை அடுப்பினின்றும் இறக்கி, நுரையைச் சிறிது சிறிதாகப் பாகிலிட்டு இடைவிடாது கிளறுவர். பின்னர் மீண்டும் மிகச் சிறிய தீயில் ஏற்றி, மரத்துடுப்பால் கிளறிக்கொண்டே இருப்பர். இதற்கு அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். கை ஓய்ந்தால் அடி பற்றும். தீயைப் பெருக்கினால் நிறம் மாறும். ஆதலின் வீட்டிலுள்ளோர் மாறி மாறித் துடுப்பினை ஏற்பர்.

இந்நிலையில் ஒரு வியப்பு நிகழ்கின்றது. பழுப்பு நிறமாக இருந்த பாகு சிறிது சிறிதாக வெளுத்துப் பால் நிறம் கொள்கின்றது. இதற்குக் காரணம் காற்றே. வெண்கருவை அடிக்குங்கால் எண்ணிலடங்கா நுண்ணிய காற்றுக் குமிழிகள் அதனுட் சிக்குகின்றன. வெண்கருவிலுள்ள புரதம் அக்குமிழிகளைச் சுற்றி மெல்லிய தோல்போல் அமைந்து, வெப்பத்தால் உறுதி பெறுகின்றது. பாகினுள் பரவிய அக்குமிழிகள் தம்மீது படும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறச் செய்கின்றன. ஆதலின் கலவை வெண்மையாகத் தோன்றுகின்றது. நீருக்கு நிறமில்லையாயினும் அலையின் நுரை வெண்மையாக இருப்பது இக்காரணம் பற்றியே.

பதம் வந்ததா என்று அறிவதற்கு வெப்பமானி இல்லாத காலத்திலும் வழி இருந்தது. கிண்ணத்தில் உள்ள குளிர்ந்த நீரில் ஒரு துளிப் பாகை இட்டு எடுத்துப் பார்ப்பர். அது கையில் மெழுகுபோல் வளைந்தால் பதம் வரவில்லை. சட்டென ஒடிந்தால் பதம் வந்துவிட்டது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானிய மொழியில் எழுதப்பட்ட மகளிர் கையேடு ஒன்று, துரோன் செய்யும் முறையைக் கூறுமிடத்து இச்சோதனையையே கூறுகின்றது. ஓர் இராத்தல் தேனுக்கு ஒரு முட்டையின் வெண்கரு என்னும் அளவும் அதில் காணப்படுகின்றது. தமிழ்நாட்டில் கடலை உருண்டைக்கு வெல்லப்பாகு காய்ச்சுவோரும் நீரில் ஒரு துளி இட்டு உருட்டி, அதனைத் தட்டில் எறிந்து ஓசை எழுகின்றதா என்று நோக்குவர். நெடுந்தொலைவில் வாழும் இரு நாட்டாரும் பாகின் பதத்தை அறிய ஒரே வழியைக் கையாளுதல் எண்ணத்தக்கது.

பதம் வந்தவுடன் காலம் தாழ்த்தாது, சூடான பருப்பைப் பாகிலிட்டு விரைந்து கலப்பர். மரச்சட்டத்தில் மெல்லிய அப்பத் தகடு ஒன்றை முன்னரே விரித்து வைத்திருப்பர். இத்தகடு கோதுமை மாவும் நீரும் கொண்டு சுடப்படுவது. கிறிஸ்தவக் கோயில்களில் வழங்கும் நற்கருணை அப்பத்தைப் போன்றது. அதன்மேல் கலவையைக் கொட்டிச் சமமாக அழுத்தி, மேலும் ஒரு தகட்டால் மூடிப் பாரம் ஏற்றுவர். தகடு கிடைக்காதவர் எண்ணெய் தடவிய தாளைப் பயன்படுத்துவர். இளஞ்சூடு உள்ளபோதே எண்ணெய் தடவிய கத்தியால் துண்டங்களாக்கிவிடல் வேண்டும். முற்றும் இறுகியபின் வெட்டினால் கண்டபடி உடைந்துவிடும்.

தேனுக்கு ஈரத்தை ஈர்க்கும் இயல்பு உண்டு. மழைநாளில் செய்த துரோனும், திறந்து வைத்த துரோனும் காற்றிலுள்ள ஈரத்தை உண்டு பிசுபிசுக்கும். ஆதலின் வறண்ட நாளில் செய்து, காற்றுப் புகாத தகரப் பெட்டியில் வைத்துக் காப்பர். காய்ந்த பாகு கொதிநீரினும் வெம்மை மிக்கது. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு பெரும் புண் விளைப்பது. ஆகவே சிறுவர் தனியே இச்செயலில் ஈடுபடலாகாது. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த பண்டம் எதனையும் ஊட்டலாகாது. வாதுமையோ முட்டையோ உடலுக்கு ஒவ்வாதவர் இப்பண்டத்தை விலக்குதல் வேண்டும்.

மென்துரோன் செய்வதற்கு, இறுகிய கலவையைத் தூளாக்கி, எண்ணெய் கசியும் வரை அரைப்பர். எள்ளை ஆட்டுங்கால் எண்ணெய் வெளிப்படுவதுபோல, வாதுமையிலுள்ள எண்ணெய் வெளிப்பட்டு மாவினை நெகிழ்விக்கும். ஹிஹோனாவின் தொழிற்கூடங்களில் அம்மாவினை ‘போஷெட்’ என்னும் சூடேற்றிய கலத்திலிட்டு மீண்டும் காய்ச்சுவர். அக்கலத்தினுள் உலக்கை போன்ற கருவி எழுந்தும் விழுந்தும் மாவினை இடிக்கும். இரண்டாம் முறையாகவும் பதம் பார்த்து இறக்கும் பொறுப்பு முதிர்ந்த தொழிலாளரையே சாரும். வீட்டில் செய்வோர் அரைத்த மாவினைச் சட்டத்திலிட்டுப் பாரம் ஏற்றி, சில நாள் வைத்திருந்து இறுகச் செய்வர்.

நான்கு பொருள்களுள் விலை மிக்கது வாதுமை. ஆதலின் இலாபம் ஒன்றையே கருதுவார்க்கு அதனைக் குறைத்துச் சர்க்கரையை மிகுக்கும் எண்ணம் தோன்றுவது இயல்பு. வெள்ளைப் பாகினுள் பருப்புக் குறைந்திருப்பதை ஒருவாறு கண்ணால் அறியலாம். அரைத்த மென்துரோனில் அதனை அறிதல் அரிது. பெயர் ஒன்றும் பொருள் வேறுமாயின், வாங்குவோர் ஏமாறுவர். நேர்மையாகத் தொழில் செய்வோரும் நலிவர். இக்கேட்டினைத் தடுத்தற்கு ஒழுங்குமுறை மன்றம் ஒன்று அங்கு நிறுவப்பட்டுள்ளது. மிக உயர்ந்த தரம் என்று குறிக்கப்பெறும் அலிகாந்தேத் துரோனில் நூற்றுக்கு 60 பங்கும், ஹிஹோனாத் துரோனில் நூற்றுக்கு 64 பங்கும் வாதுமை இருத்தல் வேண்டும் என்பது விதி. 1996ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியமும் இவ்விரு பெயர்களைப் பதிவு செய்து பாதுகாப்பு அளித்தது. எனவே, வேற்றிடங்களில் செய்யும் பண்டத்துக்கு இப்பெயர்களை இட்டு விற்றல் கூடாது.

மேலே கூறிய வீட்டுமுறை அளவினை இவ்விதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாதுமை 500 கிராம், தேன் 200 கிராம், சர்க்கரை 100 கிராம், வெண்கரு ஏறத்தாழ 30 கிராம். ஆக மொத்தம் 830 கிராம். இதில் வாதுமையின் பங்கு நூற்றுக்கு 60 ஆகின்றது. தேனிலும் வெண்கருவிலும் உள்ள நீர் வற்றியபின் அப்பங்கு இன்னும் சற்று உயரும். ஆகவே, சட்டம் பெருந்தொழிற்கூடங்களுக்கு வகுத்த அளவினை ஒரு சிறு சமையலறையும் எய்தக் கூடும்.

பொருள்கள் பலவாகக் கலந்த பண்டத்தில் ஒன்றன் குறையை மற்றொன்று மறைத்துவிடும். நான்கே பொருள் கொண்ட துரோனில் மறைத்தற்கு இடமில்லை. தேன் தாழ்ந்ததாயின் நாவு அறியும். பருப்புப் பழையதாயின் மணமே காட்டிக்கொடுக்கும். கிளறும் கை சோர்ந்திருப்பின் கருகலும் கசப்பும் அதனை உரைக்கும். ஆதலின், நல்ல பொருளைத் தேர்தலும், அளவில் குறையாதிருத்தலும், பதம் வரும்வரை பொறுத்திருத்தலும் ஆகிய மூன்றுமே இப்பண்டத்தின் சுவைக்குக் காரணங்கள் ஆகும். அங்ஙனம் செய்த துரோன் நல்லிரவில் தட்டில் வரும்போது, முந்திய நாள்களில் மாறி மாறித் துடுப்புப் பிடித்த அத்தனை கைகளும் அதனைச் சூழ்ந்து அமர்ந்திருக்கும்.